யூட்டுக்குக் கஞ்சி போட்டவன்

போன சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. யூட்டைக் கொண்டுபோய் வாரன்ட் வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

லின்ஃபீல்டில் எங்கள் வீட்டிலிருந்து சோதிக்கிற வொர்க்‌ஷாப் பத்து நிமிஷம். சோதனை அரை மணி நேரம். திரும்பி வர இன்னொரு பத்து நிமிஷம். "சாப்பாட்டுக்கு வந்துடுவேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

யூட் என்பது முன்னால் ரெண்டு பேர் உட்கார்ந்து, பின்னால் திறந்த தொட்டியில் உலகத்தையே ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. இந்த ஊரில் தச்சர், பிளம்பர், ஆட்டுப் பண்ணைக்காரர் எல்லோரும் வைத்திருப்பார்கள். நான் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. ஆனாலும் வைத்திருக்கிறேன். என்னைவிட நாலு வயசு மூத்தது. நிறம் நீலம். பேப்பரில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

வாரன்ட் என்றால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிற வாரன்ட் இல்லை. இந்த வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று சோதித்துப் பார்த்து ஒட்டித் தருகிற சின்ன ஸ்டிக்கர். அது இல்லாத வண்டி வீட்டு வாசலில் நிற்கலாம்.

நின்றது. ஏழு மாசம் நின்றது.

எங்கள் அப்பா சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறார். இருபத்தைந்து வருஷமாக அவருக்கு உலகத்தில் ரெண்டே வகை. பாஸ், ஃபெயில். நடுவில் ஒன்றும் கிடையாது. என் பத்தாம் வகுப்பு ரிப்போர்ட்டையும் அப்படித்தான் படித்தார்.

போன மாசம் யூட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

"மூணு வாரம் டைம். அந்த சனிக்கிழமை வாரன்ட் பாஸ் ஆனா அது வண்டி. ஆகலைன்னா அது இரும்பு. மூணு மணிக்கு பழைய வண்டி எடுக்கிற லாரிக்காரனை வரச் சொல்லிட்டேன்."

"இன்னும் ஒரு மாசம் டைம் குடுங்கப்பா."

"என்ன சொன்ன?"

"ஒரு மாசம்..."

"கேக்கல."

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். என் குரல் சின்னக் குரல். பஸ்ஸில் நான் டிரைவருக்கு "தேங்க் யூ" சொன்னால் எனக்கு மட்டும்தான் கேட்கும். அதனால் அப்பா கேட்கவில்லை என்று சொன்னால், அது பொய்யா உண்மையா என்று என்னால் கண்டுபிடிக்கவே முடியாது. அவர் கெட்டிக்காரர்.

சரி. சனிக்கிழமை பாஸ். இல்லாவிட்டால் மூணு மணிக்கு லாரி.

மெக்கானிக் யாரையும் கூப்பிடவில்லை. எல்லாம் நானே வீடியோ பார்த்துச் செய்வது என்று முடிவு. துணைக்கு ரெஜி அண்ணை.

ரெஜி அண்ணை பக்கத்து வீடு. மன்னார்க்காரர். பிளம்பர். அவருடைய கராஜில் ஒரு பழைய ஆஸ்திரேலிய வி-எய்ட் கார் இருக்கிறது. எட்டு சிலிண்டர், முந்நூறு குதிரை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அதை ஸ்டார்ட் செய்வார். எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஆடும். பத்து நிமிஷம் உறும விட்டுவிட்டு அணைப்பார். துணியைப் போட்டு மூடுவார். அந்தக் காரின் ஓட்டம் அவ்வளவுதான்.

"ஓட்டவே மாட்டீங்களா அண்ணை?"

"ஓட்டினாத் தேயும் தம்பி."

"என் யூட்டில எத்தனை குதிரை இருக்கும்?"

பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உதுக்குள்ள குதிரை இல்லைத் தம்பி. நாலைஞ்சு ஆடு நிக்குது."

மூன்று வாரம் வேலை செய்தோம். ஹேண்ட்பிரேக் கேபிளை இறுக்கினேன். பின்னால் நம்பர் பிளேட் விளக்கை மாற்றினேன். கதவுக்குக் கீழே துருவைச் சுரண்டித் தகடு அடித்தோம். சீட் பெல்ட் மாற்றினோம். ஒவ்வொரு வேலை முடிந்ததும் கையில் ஒரு போல்ட் மிச்சம் இருந்தது. எங்கே போக வேண்டியது என்று தெரியவில்லை.

ரெஜி அண்ணை கவலைப்படவில்லை. "நல்லதுதானே. பாரம் குறைஞ்சாப் பிக்கப் கூடும்."

மறுநாள் அந்தப் போல்ட்டுகளுக்கு இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் திருப்பிப் போட்டேன். பிக்கப் போனால் போகட்டும்.

சனிக்கிழமை காலையில் என் பட்டியலில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வரி. முன் கண்ணாடி கழுவுகிற தொட்டியை நிரப்ப வேண்டும். குமிழை அழுத்தினால் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சுமே, அதற்கான தொட்டி. அது பீய்ச்சாவிட்டால் வாரன்ட் கிடைக்காது. இதற்காக முந்தின நாளே பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கலக்கி, ரெண்டு லிட்டர் பால் பாட்டிலில் ஊற்றி கராஜில் வைத்திருந்தேன். பாட்டிலை ஒழுங்காகக் கழுவவில்லை. அதனால் உள்ளே இருந்தது கொஞ்சம் வெளுப்பாக, மங்கலாகத் தெரிந்தது.

எங்கள் வீட்டில் வாஷிங் மெஷினும் கராஜில்தான். அம்மாவின் துணி சம்பந்தப்பட்ட சாமான்களும் அங்கேதான். என் வண்டி சம்பந்தப்பட்ட சாமான்களும் அங்கேதான். லேபிள் ஒட்டுகிற பழக்கம் எங்கள் ரெண்டு பேருக்குமே இல்லை.

மெஷின் மேல் பால் பாட்டில் இருந்தது. நீல மூடி. ரெண்டு லிட்டர். உள்ளே வெளுப்பாக, மங்கலாக.

எடுத்தேன். ஊற்றினேன். கொஞ்சம் கொழகொழவென்று இறங்கியது. நல்ல சோப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ரெஜி அண்ணை பக்கத்து சீட்டில் ஏறினார். கிளம்பினோம்.

ஜனவரி மாசம், இந்த ஊரில் கோடை. நல்ல வெயில். ரெண்டாவது சிக்னலில் நிற்கும்போது ஒரு கடல்புறா சரியாக என் கண்ணுக்கு நேரே தன் வேலையை முடித்துவிட்டுப் போனது. கவலை இல்லை. குமிழை அழுத்தினேன். பீய்ச்சியது. அருமையாகப் பீய்ச்சியது!

"பாத்தீங்களா அண்ணை! வேலை செய்யுது!"

"என்ன?"

"வேலை செய்யுது!"

"ஓம் ஓம், செய்யுது."

வைப்பர் ரெண்டு தரம் ஆடியது. புறா போட்டது போய்விட்டது. ஆனால் கண்ணாடியில் ஒரு வெள்ளைப் படலம் தெரிந்தது. சோப்பு அதிகமோ? கழுவிவிடலாம் என்று இன்னொரு தரம் அழுத்தினேன்.

படலம் திக்கானது.

மூன்றாம் தரம் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தேன்.

எதிரே போன பஸ் மங்கலானது. பிறகு பஸ்ஸே இல்லை.

"தம்பி, உது உள்பக்கம் ஆவி பிடிச்சிருக்கு. டிமிஸ்டரைப் போடும்."

போட்டேன். வெளியே வெயில், உள்ளே சூடான காற்று. கண்ணாடி ரெண்டு பக்கமும் வெந்தது. ஒரு நிமிஷத்தில் முன் கண்ணாடி முழுக்க அப்பளம் மாதிரி காய்ந்துபோய் நின்றது. வைப்பர் பாதி வழியில் நின்று, திரும்பிப் போக முடியாமல் க்ர்ர்ர் என்றது.

ஓரமாக நிறுத்தினேன். வொர்க்‌ஷாப் அந்தத் தெரு முனையில்தான். போர்டு பக்கக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை.

"நான் இறங்கி முன்னால நடக்கிறன். நீர் தலையை வெளியால நீட்டிக்கொண்டு மெல்ல வாரும்" என்றார் ரெஜி அண்ணை.

அவர் ரெண்டு கையையும் உயர்த்தி, பின்பக்கமாகவே நடந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, நடக்கிற வேகத்தைவிட மெதுவாக அவர் பின்னால் போனேன். எங்களுக்குப் பின்னால் ஆறு கார். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஏதோ சவ ஊர்வலம் என்று நினைத்திருக்கலாம்.

"மன்னார்ல திருவிழாவுக்கு மாதா சுருவம் தூக்கிக்கொண்டு வாற மாதிரியே வாறீர் தம்பி!" என்று கத்தினார். அவருக்கு அன்றைக்கு நல்ல சந்தோஷம்.

வாசலில் நிறுத்தியதும், அவர் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரையும் என் பனியனையும் வைத்து, டிரைவர் பக்கம் ஒரு தட்டு அளவுக்குத் தேய்த்தேன். தேய்த்த இடம் தெளிந்தது. இன்னும் ரெண்டு பாட்டில் தண்ணீர் இருந்தால் போதும், முழுக்க எடுத்துவிடலாம் என்று நினைக்கும்போதே என் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சோதிக்கிறவர் ஒரு உயரமான பெண்மணி. சட்டையில் டானா என்று இருந்தது. காதில் சத்தம் கேட்காமல் இருக்க மூடி மாட்டியிருந்தார். சாவியை வாங்கிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தூசி" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. நல்லவேளை என்று நினைத்தேன். அந்த நல்லவேளை நிலைக்கவில்லை.

தரையில் ஒரு மஞ்சள் கோடு. வந்தவர்கள் அதைத் தாண்டக் கூடாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் ரெஜி அண்ணையும் நானும் உட்கார்ந்தோம். வண்டி உருளைகள் மேல் ஏறியது. பிரேக் சோதனை. டானா எதையோ எழுதினார். ஹேண்ட்பிரேக். எழுதினார். பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். எழுதினார். கீழே விளக்கைப் பிடித்துத் துருவைத் தட்டிப் பார்த்தார். என் தகடு விழவில்லை. எழுதினார்.

"தம்பி, எல்லாம் டிக் போடுறா! கிராஸ் போட்டா கை இப்பிடிப் போகாது" என்றார் ரெஜி அண்ணை. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

அப்போது போன் அடித்தது. அம்மா.

"டேய், அப்பாவோட வேட்டியில நுரை நுரையா வருதுடா!"

"என்னம்மா?"

"நாளைக்குப் பொங்கல் விழாவுல அப்பா மேடையில விளக்கேத்தணும்ல? புது வேட்டி. குக்கர் வந்ததுலேர்ந்து வீட்ல கஞ்சி ஏது? இதுக்காகவே காலையில ஒரு பானை சோறு வடிச்சு, கஞ்சியைத் துணியில வடிகட்டி, ஆறட்டும்னு பால் பாட்டில்ல ஊத்தி மெஷின் மேல வச்சேன். இப்ப சுடுதண்ணியில கலக்கி வேட்டியை முக்கினா ஒரே நுரை. பாத்திரம் தேய்க்கிற வாசனை வருது. கஞ்சி எங்கடா?"

நான் யூட்டைப் பார்த்தேன்.

டானா டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். விளக்கு போட்டுப் பார்த்தார். ஹாரன் அடித்துப் பார்த்தார். கை அடுத்த குமிழுக்குப் போனது.

"அமுக்காதீங்க!" என்று கத்தினேன்.

நான் கத்துவது எப்படி இருக்கும் என்றால், மற்றவர்கள் லைப்ரரியில் பேசுவது மாதிரி இருக்கும். பக்கத்தில் ஒரு அம்மாள் பத்திரிகையிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். மஞ்சள் கோட்டில் நின்று ரெண்டு கையையும் ஆட்டினேன். டானா பார்த்தார். சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கை ஆட்டினார்.

அழுத்தினார்.

கண்ணாடி அழுக்காக இருக்கிறதே என்று நன்றாக, நிதானமாக, மனசார அழுத்தினார். நான் பனியனால் சுத்தம் செய்த தட்டு அளவு இடமும் போனது.

பிறகு வண்டியை வெளியே வெயிலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பேப்பரை எழுதி முடிக்க உள்ளே போனார். அந்த ஐந்து நிமிஷத்தில் வெயில் தன் வேலையைச் செய்தது.

வெளியே வந்தபோது காது மூடியைக் கழற்றியிருந்தார். விரலால் கண்ணாடியைத் தொட்டார். சுரண்டினார். மோந்து பார்த்தார்.

"சோறு வாசனை வருதே?"

"சோத்துத் தண்ணி" என்றேன். "துணிக்குப் போடுறது. துணி விறைப்பா நிக்கும்."

"அதை ஏன் யூட்டுக்குப் போட்ட?"

ரெஜி அண்ணை முந்திக்கொண்டார்.

"சுருங்காம இருக்கிறதுக்கு" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

டானா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பேப்பரை என் கையில் கொடுத்தார். பிரேக் பாஸ். பெல்ட் பாஸ். துரு பாஸ். விளக்கு பாஸ். மூன்று வாரம் வீடியோ பார்த்து, விரல் நசுங்கி, நான் செய்த அத்தனையும் பாஸ். கடைசி வரியில், முன் கண்ணாடி: பார்வை தெளிவில்லை. ஃபெயில்.

பழுது பார்த்த எதிலும் தோற்கவில்லை. தண்ணீர் ஊற்றியதில் தோற்றேன்.

"ஒரு மணிக்கு மூடுவோம்" என்றார் டானா. "அதுக்குள்ள கண்ணாடி தெளிஞ்சா அதை மட்டும் பாக்கிறேன். இல்லேன்னா இந்த மாசத்துக்குள்ள எப்ப வேணாலும் கொண்டு வா. ஒண்ணும் அவசரம் இல்ல."

அவருக்கு அவசரம் இல்லை. மூணு மணி லாரி அவர் வீட்டுக்கு வரவில்லையே.

மணி பன்னிரண்டு ஐந்து.

வொர்க்‌ஷாப் சுவரில் ஒரு குழாய் இருந்தது. பச்சைத் தண்ணீரை அடித்துத் தேய்த்தேன். காய்ந்த கஞ்சி ஊறி, உருண்டு, பசையானது. ரெஜி அண்ணை கையில் இருந்த ஃபெயில் பேப்பரைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். அப்படியே ஒட்டிக்கொண்டது.

"நல்ல பிடி தம்பி. போஸ்டர் ஒட்டலாம்."

"அண்ணை, ப்ளீஸ்."

"பிளேட்டால சுரண்டுவமோ?"

"கீறல் விழும். கீறல் விழுந்தாலும் ஃபெயில்."

"பெட்ரோல் விட்டுப் பாப்பம்."

"அண்ணை!"

"எஞ்சின் எண்டால் எனக்குத் தெரியும். சோறு எண்டால் நான் என்ன செய்யிறது?"

நியாயமான பேச்சு. சோறு தெரிந்த ஆளுக்குப் போன் போட்டேன்.

நடந்ததைச் சொன்னேன். அம்மா திட்டவில்லை. திட்டாதது கலக்கமாக இருந்தது. "காய விட்டுட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"காஞ்சிடுச்சும்மா. சூடும் காட்டிட்டேன்."

"இஸ்திரி போட்ட மாதிரி ஆயிருக்கும். தேய்க்காத. தேய்ச்சா இழுத்துக்கும். வெதுவெதுன்னு சோப்புத் தண்ணியில துணியை நனைச்சு மேல போத்தி ஊற வை. ஊறினாத்தான் கஞ்சி விடும்."

"இங்க வெதுவெதுன்னு சோப்புத் தண்ணிக்கு எங்கம்மா போவேன்?"

"இங்க ஒரு பக்கெட் நிறைய இருக்கேடா" என்றார் அம்மா. "உன் புண்ணியத்துல."

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு அப்பாவின் கார் உள்ளே வந்தது. ஆமை வேகம். அப்பா இறங்கி, அடுத்த கதவைத் திறந்து, சீட் பெல்ட்டைக் கழற்றி, பக்கெட்டை வெளியே எடுத்தார். பக்கெட்டுக்கு சீட் பெல்ட் போட்டிருந்தார். மூடியாகத் தட்டு. உள்ளே நுரை. நுரைக்குள் அவருடைய புது வேட்டி.

என்னைப் பார்த்தார். யூட்டைப் பார்த்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த பேப்பரைப் பார்த்தார். அங்கேயே நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"பிரேக் நீயா பண்ண?"

"ஆமாப்பா."

"துரு?"

"நானும் ரெஜி அண்ணையும்."

"பதினெட்டு பாஸ், ஒரு ஃபெயில்" என்றார். ஒரு மாதிரி குரலில் சொன்னார். ஆபீஸில் இப்படித்தான் பேசுவாராக இருக்கும். "ஒரே ஒரு பக். அதுவும் சின்ன பக்."

பேப்பரை உரித்து எடுத்துவிட்டு, வேட்டியைப் பக்கெட்டிலிருந்து எடுத்து, ஒரு நுனியை என்னிடம் கொடுத்தார். எட்டு முழ வேட்டி. ஜரிகைக் கரை. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அப்பா. மடிப்பு இல்லாமல் இழுத்து, கண்ணாடி மேல் போர்த்தினோம். நல்ல வெயிலில் ஜரிகை மின்னியது. வரிசையில் காத்திருந்தவர்கள் காரை விட்டு இறங்கி வந்துவிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரத் தாத்தா தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். என்னவென்று நினைத்தாரோ.

"தேய்க்காத! ஒத்து!" என்றார் அப்பா.

ஒத்தினோம். பக்கெட்டிலிருந்து தண்ணீர் விட்டு விட்டு ஒத்தினோம். பத்து நிமிஷம் ஊறியதும் அப்பா ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். கஞ்சி தோல் மாதிரி உரிந்து வேட்டியோடு வந்தது. உள்ளே கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டீயரிங்! ஸ்டீயரிங்கைப் பார்த்து அப்படி சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

"போதும் தம்பி, கூப்பிடும் அவவை!" என்றார் ரெஜி அண்ணை.

அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தம்மா திரும்ப வாஷரை அமுக்குவாங்களா?"

தொட்டியில் இன்னும் ஒன்றரை லிட்டர் கஞ்சி இருந்தது.

மணி பன்னிரண்டு நாற்பது.

பானெட்டைத் திறந்தேன். மூன்று போல்ட். கழற்றினேன். ஒவ்வொன்றாக அப்பா உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். "ஒண்ணு... ரெண்டு... மூணு." தொட்டியை வெளியே எடுத்துக் கவிழ்த்தேன். புல்தரையில் கொழகொழவென்று கொட்டியது. குழாயில் ரெண்டு தரம் அலசினேன். ரெஜி அண்ணை, பிளம்பர் அல்லவா, குழலைக் கழற்றி ஒரு முனையில் வாயை வைத்து ஊதினார். மறுமுனையிலிருந்து ஒரு கட்டி பறந்துபோய் தொப்பித் தாத்தா பக்கத்தில் விழுந்தது.

"அடைப்பு எடுபட்டிட்டுது. இனி ரேஸ் காரின்ரை பம்ப் மாதிரி அடிக்கும்!"

திரும்பப் பூட்டினேன். அப்பா போல்ட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். மூன்றும் போன பிறகு, ரெண்டு கையையும் விரித்துத் தனக்கே ஒரு தரம் காட்டிக்கொண்டார். பக்கெட்டில் மிச்சம் இருந்த சோப்புத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினோம். நான் நியாயமாகக் காலையில் ஊற்றியிருக்க வேண்டிய அதே தண்ணீர்.

பன்னிரண்டு ஐம்பத்து நாலு.

டானாவைக் கூப்பிடப் போனேன். "எக்ஸ்கியூஸ் மீ" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். திரும்பவில்லை. எனக்குப் பின்னாலிருந்து அப்பா, டெஸ்டிங் டீம் முழுக்கக் கேட்கிற குரலில், "மேடம்! ரெடி ஃபார் ரீ-டெஸ்ட்!" என்றார். உள்ளே நாலு மெக்கானிக்கும் திரும்பினார்கள்.

டானா வந்தார். சீட்டில் உட்கார்ந்தார். கண்ணாடி வழியாக எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். குமிழை அழுத்தினார்.

பீய்ச்சியது. கண்ணாடியைத் தாண்டி, ஓரமாக நின்ற ரெஜி அண்ணையின் சட்டையில் அடித்தது. வைப்பர் ஆடியது. கண்ணாடி கண்ணாடியாகவே இருந்தது.

"சுருக்கம் ஒண்ணும் இல்ல" என்றார் டானா. ஸ்டிக்கரை ஒட்டினார்.

"தேங்க் யூ" என்றேன். யாருக்கும் கேட்டிருக்காது. ரெஜி அண்ணை என் முதுகில் அடித்தார். அப்பா ஸ்டிக்கரை ரெண்டு தரம் படித்துவிட்டு, போனை எடுத்து லாரிக்காரரைக் கூப்பிட்டார்.

"வர வேண்டாம்" என்றார். "இல்ல இல்ல, இரும்பு இல்ல. வண்டி."

வேட்டியைப் பிழிந்து பார்த்தார். குறுக்கே ரெண்டு கறுப்புக் கோடு, வில் மாதிரி வளைந்து. வைப்பர் ரப்பர். "பேன்ட் போட்டுக்கிட்டா விளக்கு எரியாதா என்ன?" என்று பக்கெட்டில் போட்டார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது.

பொங்கல் விழாக் கமிட்டிச் செயலாளர். பானைகள், அடுப்பு, கரும்புக் கட்டு எல்லாவற்றையும் சான்ட்ரிங்ஹாமிலிருந்து ஹாலுக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்கவில்லையாம்.

"அட, நம்மகிட்டதான் யூட் இருக்கே!" என்றார் அப்பா. "நம்ம பையன் ஓட்டுவான். வாரன்ட் இப்பத்தான் சுடச்சுட வாங்கினது. எல்லாமே பாஸ்!"

ஏழு மாசமாக அது "உன் வண்டி." இப்போது "நம்ம" வண்டி. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வீடு வருவதற்குள் அப்பா ஸ்டிக்கரைப் படம் எடுத்துத் தமிழ்ச் சங்கத்து வாட்ஸாப் குழுவில் போட்டிருந்தார். சாயங்காலத்துக்குள் பாட்டனி டவுன்ஸில் ஒருவருக்கு சோஃபா மாற்ற வேண்டியிருந்தது. ஒருவருக்கு ஃப்ரிட்ஜ். ஒருவருக்கு மாட்டுச் சாண உரம், பதினைந்து மூட்டை. யாரோ வீடே மாறுகிறார்கள். ரெஜி அண்ணைக்கு ஒரு கியர்பாக்ஸ் எடுக்க வேண்டுமாம். "என்ரை காரில வைக்கேலாது தம்பி, சீட் அழுக்காகும்." அப்பா எல்லோருக்கும் ஓகே சொல்லிவிட்டார். முடியாது என்று நானும் மூன்று தரம் சொன்னேன்.

கேட்கவில்லையாம்.

ஏப்ரல் வரைக்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

யாருக்காவது பழைய யூட் வேண்டுமா? வாரன்ட் இருக்கிறது.